தாலாட்டில் விட்ட இடம்

தான் செத்துப்போன செய்தி அவளுக்குத் தெரிந்து முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் அவள் தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, துணி காயப்போட்டு, கூட்டமான பேருந்தில் நின்றபடியே வந்து, மூக்குக்கண்ணாடிக் கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். செத்தவர்களுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

செய்தியைக் கொண்டுவந்தது வானொலி. அவளோடு வேலை செய்யும் பெண்ணுக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. காலையில் கதவைத் திறக்கும்போது தொடங்கினால் சாயங்காலம் பூட்டும்வரை நிற்காது. நல்லவள். யாருக்கும் எதையும் மறைத்து வைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இருவருக்கும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கெங்கிருந்தோ பாட்டில்களில் தண்ணீர் வரும். அதில் துளி எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டு, சூட்டுப்பெட்டிக்குள் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். இல்லையென்றால் தட்டு சுத்தமாக இருக்கும். பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது. அங்கே சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் வானொலி டிபன் பாக்ஸைத் திறக்காமலே பேச ஆரம்பித்தாள். முந்தின நாள் மாலை புருஷனோடு ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறாள். கண்ணாடிக் கடை மாடியில் சின்ன அறை, மைக் கிடையாது, பாட்டுக் கிடையாது, ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கிட்டார். புருஷன் தூங்கிவிடுவான் என்று பயந்துகொண்டே போனாளாம். அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டானாம்.

"எங்க மாமனார் போனப்பகூட நான் இப்படி அழல," என்றாள் வானொலி. "கடைசியா ஒரு தாலாட்டு வாசிச்சாரு பாரு. செத்துப்போன பொண்ணுக்காம். ஒன்பது வயசுல மூளைக்காய்ச்சல். பாதிப் பாட்டுல சட்டுனு நிக்கும். குழந்தைக்கு மூச்சு நின்ன இடமாம் அது. இத்தனை வருஷமா அந்த இடத்த அப்படியே காலியா விட்டு வெச்சிருக்காரு மனுஷன்."

ஆள் எப்படி இருந்தார் என்று இவள் ஒரு பேச்சுக்குக் கேட்டாள். வானொலி கைப்பையிலிருந்து கச்சேரி நோட்டீஸை எடுத்து நீட்டினாள். அதிலிருந்த பெயர் இவளுக்குத் தெரியாத பெயர். மேடைக்காக வைத்துக்கொண்டது. ஆனால் படத்தில் நரைத்த முடிக்குக் கீழே இடது காது தெரிந்தது. நுனி மடங்கிய காது. தினமும் தலைவாரும்போது கண்ணாடியில் பார்க்கிற காது.

"அந்தப் பொண்ணு எப்படியாம்?" என்று கேட்டாள்.

"ரொம்பச் சூட்டிகையாம். அவ இருந்திருந்தா உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியிருப்பாளாம்."

உயிரோடு இருந்த இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவளைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் போய் சூட்டுப்பெட்டியின் முன்னால் நின்றாள். உள்ளே தட்டுகள் வரிசையாக இருந்தன. கதவின் கைப்பிடியைப் பிடித்தாள், திறக்கவில்லை. முதலில் பயம் என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, கோபம்.

மூளைக்காய்ச்சல் வந்தது உண்மை. ஒன்பது வயது என்பதும் உண்மை. தலையை மொட்டையடித்து, கையில் ஊசியோடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்கிறாள். அப்பா அப்போது வேறு ஏதோ ஊரில் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா போனில் கூப்பிட்டபோது கச்சேரி முடிந்ததும் வருகிறேன் என்றாராம். மறுபடி கூப்பிட்டபோது இன்னொரு கச்சேரி. மூன்றாவது தடவை அம்மா, "உங்களுக்குப் பொண்ணே இல்லன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். யாரும் அதைச் சாவுச் செய்தியாக எடுத்துக்கொண்டு தாலாட்டு வாசிக்கப் போவதில்லை.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். அம்மா மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று பில் போட்டுவிட்டு வந்து, கால் இரண்டையும் வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்னையும் கொன்னுட்டாரா?"

"உன்னப் பத்திப் பேச்சே இல்லையாம்."

"அது பழக்கமானதுதான்," என்று சொல்லிவிட்டு அம்மா பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமையும் அங்கே கச்சேரி இருக்கிறது, போகப்போகிறேன் என்று இவள் சொன்னதும் அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற பெண் அவள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்கமாட்டாள். அவளை நம்பி எந்த ரகளையும் நடக்காது.

"ரகளை இல்லம்மா. அவர் வாயாலயே சொல்லணும். அந்த ரூம்லயே சொல்லணும். பொண்ணு உயிரோட இருக்கான்னு. அவ்வளவுதான்."

"உயிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு டிக்கெட் வாங்கிட்டுப் போற மொத ஆளு நீதான்," என்றாள் அம்மா. ஆனால் மறுநாள் காலை, இவள் நல்ல உடுப்பாகத் தேடியபோது, இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருந்தாள்.

மாடி அறை ஒரு காலத்தில் கண் பரிசோதிக்கும் இடமாக இருந்திருக்க வேண்டும். சுவரில் இன்னமும் அந்த எழுத்துப் பலகை தொங்கியது. மேலே பூதாகாரமாக ஓர் எழுத்து, கீழே போகப்போகச் சிறுத்து, கடைசி வரியில் எறும்பு ஊர்ந்ததுபோல. அதற்கு நேர் கீழே வாசிப்பவருக்கு ஒரு ஸ்டூல். எதிரில் நெருக்கி நெருக்கிப் போட்ட மர நாற்காலிகள். முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் கிட்டாரில் இடிக்கும்.

கண்ணாடிக்கடைக்காரர் வாசலில் நின்று வரவேற்றார். மெலிந்த, மடிப்புக் கலையாத மனிதர். அவருடைய அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். போனைக் கூடையில் போட வேண்டும். செருப்பு கீச்சிட்டால் கழற்ற வேண்டும். இருமல் வருபவர்களுக்கு ஒரு கிண்ணத்தில் மிட்டாய் இருந்தது. காகிதம் சரசரக்கும் என்று அவரே முன்கூட்டி உறை பிரித்து வைத்திருந்தார். கை தட்டுவதற்கும் நேரம் உண்டு. கடைசித் தந்தியின் அதிர்வு முழுதாக அடங்கியபின் அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். அப்புறம்தான் தட்டலாம்.

"இங்கே நாம் கேட்க மட்டும்தான் வருகிறோம்," என்றார் அவளிடம், கோயில் குருக்கள் தொனியில். "பேச வருவதில்லை."

"ஏய், நீயா!" இரண்டாவது வரிசையிலிருந்து வானொலி கையை ஆட்டினாள். இன்னொரு தடவை அழுவதற்காக வந்திருக்கிறாள். இந்தமுறை புருஷனை விட்டுவிட்டு, பெரிய கைக்குட்டையாக எடுத்து வந்திருந்தாள். இவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் சொன்னதும் வந்துவிட்டாயே என்று அவளுக்கு ஏகப் பெருமை.

அவர் வந்தார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்திருந்தாள், நெஞ்சு அடைக்கும், கண் இருட்டும் என்றெல்லாம். ஒன்றும் ஆகவில்லை. குள்ளமாகிவிட்டார் என்று மட்டும் தோன்றியது. அவர் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, கிட்டாரைத் தொடையில் சாய்த்து, ஒரு தந்தியை முறுக்கிச் சரிசெய்தார். வலது கை நகங்கள் நீளமாக, பளபளவென்று இருந்தன.

பிறகு வாசித்தார்.

வாசிப்பு மட்டமாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். கோபத்தோடு உட்கார்ந்து கோபத்தோடு எழுந்து போகலாம். ஆனால் அவருடைய கட்டைவிரல் கீழே ஒரு நடையைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டில் போக, மற்ற மூன்று விரல்களும் மேலே வேறொரு பேச்சைப் பேசின. இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருந்தது. சில இடத்தில் தந்தியைத் தொட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அவர் மூச்சை இழுப்பது கேட்டது. விரல் தந்தியில் சறுக்கும் கீச்சு கேட்டது. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பொய்யாக எதையும் வாசிக்க முடியாது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. விரல் உண்மை பேசினால் என்ன, வாய் பேசவில்லையே.

கண்ணாடி கழன்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டிய பிறகு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இடைவேளையில் எல்லோரும் டீக்கு நகர்ந்தார்கள். வானொலி டீயோடு யாரிடமோ முந்தாநாள் அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போனாள். உடைந்த கண்ணாடிச் சட்டங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த அறை. அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து நகத்தை அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துன்னா முடிஞ்சப்புறம் போடறேம்மா," என்றார் நிமிராமல்.

"கையெழுத்து வேணாம். நான்தான் செத்துப்போனவ."

அரம் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு காதைப் பார்த்தார். அதைப் பார்த்தபின் வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உட்காரச் சொன்னார். நிற்கிறேன் என்றாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்றார். செத்த பிறகு வளர்ந்தது என்றாள். இந்த மாதிரியெல்லாம் தனக்குப் பேச வருமென்று அவளுக்கே தெரியாது. நேற்று மதியத்திலிருந்து உள்ளுக்குள் ஊறியது வந்துகொண்டிருந்தது.

"அம்மா எப்படி இருக்கா?"

"அம்மாவ நீங்க சாகடிக்கல. அதனால நல்லா இருக்கா."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. ஒருவேளை அவருக்கு நிஜமாகவே தெரியாதோ, யாராவது ஏதாவது தவறாகச் சொல்லி நம்பிவிட்டாரோ என்று ஒரு ஓரத்தில் இருந்தது. இரவெல்லாம் அந்த ஓரத்தைத்தான் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அதைக் கேட்டாள்.

"தெரியும்," என்றார் அவர். "நீ காலேஜ்ல சேர்ந்தன்னிக்கு உங்க பெரியப்பா போன் பண்ணிச் சொன்னாரு. ரொம்பச் சந்தோஷப்பட்டேன்."

"அந்த வாரம் எங்கயாவது வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"தாலாட்டா?"

அவர் மடியில் விழுந்திருந்த நகத்தூளைத் தட்டிவிட்டார்.

பிறகு பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு. சாப்பாட்டுக் கடைகளில் வாசித்த வருஷங்களைச் சொன்னார். தட்டில் கரண்டி இடிக்கும், பின்னால் யாரோ சிரிப்பார்கள், பக்கத்து மேசையில் நிலம் விற்பார்கள். இந்த வாத்தியத்தின் சத்தம் சின்னது. கேட்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் கேட்கும். ஓர் ஊரில் அறிமுகம் செய்தவர் எதையோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, இறந்துபோன மகளுக்காக இவர் செய்த தாலாட்டு என்று சொல்லிவிட்டார். திருத்தத்தான் வாயைத் திறந்தாராம்.

"அப்போ வந்துச்சு பாரு ஒரு அமைதி. அதுக்கு முன்னாடி எனக்கு அது கெடைச்சதே இல்ல. குண்டூசி விழுந்தா கேக்கும். ஒருத்தரும் அசையல. முதல் தடவையா எல்லாரும் என் வாசிப்பக் கேட்டாங்க. அதக் கலைக்க மனசு வரல."

"நான் செத்ததால கெடைச்ச அமைதி."

"தப்புதான்."

தப்புதான் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிட்டது என்பதுபோல் சொன்னார். குழந்தை டம்ளரை உடைத்துவிட்டுச் சொல்வதுபோல. அவளுக்கு அங்கிருந்த கண்ணாடிச் சட்டங்களை எல்லாம் வாரி இறைக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு சட்டத்தைக்கூடத் தொடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். எங்கள் கூடத்தில் பார்க்காமல் எழுதினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், நீங்கள் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள் என்றாள். ஊர் ஊராக எத்தனை பேர் எனக்காக அழுதிருக்கிறார்கள், அந்த அழுகையை நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டாள்.

"நான் என்ன பண்ணணும்?"

"ஒரு வரி. தாலாட்டுக்கு முன்னாடி. என் பொண்ணு உயிரோட இருக்கான்னு. என்னக் காட்ட வேணாம், பேர் சொல்ல வேணாம்."

"சொல்றேன்."

"இன்னிக்கு."

"இன்னிக்கே சொல்றேன்மா."

கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. அவள் கண் அதன் கழுத்தில் ஓர் இடத்துக்குத் தானாகப் போனது. குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், ஃப்ரெட் என்று சொல்வார்களே அவை, ஒன்றுவிடாமல் ஒழுங்காக இருந்தன.

"பழைய கிட்டார்?" என்று கேட்டாள்.

"அது எப்பவோ போயிடுச்சு," என்றார்.

இரண்டாம் பாதியில் அவள் முதுகை நாற்காலியில் சாய்க்கவே இல்லை. ஒவ்வொரு பாட்டும் முடியும்போது இதுதானா, அடுத்ததுதானா என்று காத்திருந்தாள். அவர் இன்னும் நன்றாக வாசித்தார். பயத்தில் வாசித்தாரோ என்னவோ. பின்வரிசையில் ஒரு பெரியவர் தன்னை மறந்து "அடடா" என்றார். கண்ணாடிக்கடைக்காரர் திரும்பி அவரை முறைத்தார்.

கடைசியில் அவர் கையைத் தந்திகள்மேல் வைத்து அடக்கினார்.

"இந்தத் தாலாட்டு," என்றார், "என் பொண்ணுக்காகச் செஞ்சது."

அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. வானொலி கைக்குட்டையை விரித்து மடியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

"என் பொண்ணு..." என்றார்.

அறையில் அது வந்தது. அவர் சொன்ன அமைதி. நாற்காலிகள் கிறீச்சிடுவது நின்றது. மிட்டாய் சப்புவது நின்றது. அத்தனை முகங்களும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே மாதிரி இளகின. அவர் அந்த முகங்களைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் தாங்கமாட்டாமல் எழுந்தார். போய் அவர் தோளில் கை வைத்தார். "அவரால் சொல்ல முடியாது. எத்தனை வருஷம் ஆனாலும் முடியாது," என்றார். "நான் சொல்கிறேன்." சொன்னார். ஒன்பது வயது, காய்ச்சல், சூட்டிகை, எல்லாம். தன் பங்குக்கு, கடைசி நேரத்தில் குழந்தை "அப்பா, வாசி" என்று கேட்டதாகவும் சேர்த்தார். அப்பா அந்த ஊரிலேயே இல்லையே என்று அவள் நெஞ்சுக்குள் கத்தினாள். தோளில் ஒரு கையோடு, தலை குனிந்து, அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்தார். திருத்தவில்லை.

வாசிக்க ஆரம்பித்தார்.

தாலாட்டு அப்படியேதான் இருந்தது. சின்ன வயதில் படுக்கையறை விளக்கு அணைந்த பிறகு கதவுப் பக்கத்திலிருந்து வருமே, அதே ஏற்றம், அதே நிதானம், படி ஏறுவதுபோல் ஒவ்வொன்றாக மேலே போய் ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தில் அவள் கட்டில் சட்டத்தை விரல் முட்டியால் ஒருமுறை தட்டுவாள். தட்டினால் முழித்திருக்கிறாள் என்று அர்த்தம், அவர் தொடர்வார். தட்டு வரவில்லை என்றால் தூங்கிவிட்டாள். அவர் கிட்டாரை வைத்துவிட்டுப் போய்விடுவார். தினமும் அப்படித்தான். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை, எப்படியோ ஏற்பட்டுவிட்ட வழக்கம்.

ஏறியது. நின்றது.

அறை முழுக்க அந்தக் காலி இடம் நிரம்பியது. பக்கத்தில் வானொலி குலுங்க ஆரம்பித்தாள்.

அவள் திட்டமிடவில்லை. கை தானாகப் போய் முன்னாலிருந்த நாற்காலி முதுகை முட்டியால் தட்டியது.

டக்.

அப்பாவின் விரல்கள் தந்திகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. நிற்க வேண்டியதைவிட அதிக நேரம் நின்றன. பிறகு தொடர்ந்தார். ஒரு ஸ்வரம் பிசகியது. அன்றைக்கு முழுக்கப் பிசகிய ஒரே ஸ்வரம்.

பின்னாலிருந்தவர் குனிந்து அவள் காதருகே சீறினார். "செத்துப்போன குழந்தைக்கு ஒரு மரியாதை குடுக்கக் கூடாதா? எந்த வீட்டுப் பொண்ணுமா நீ?"

எந்த வீட்டுப் பெண் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது. அவள் முகம் கொதித்தது. வழக்கம்போல் வெட்கம் வருகிறது என்று நினைத்தாள். இல்லை. தன் சாவுக்குத் தான் மரியாதை தரவில்லை என்று ஒருவர் தன்னையே அதட்டுகிறார், அதைத் தன்னைப் பெற்ற அப்பா பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். வெட்கப்பட வேண்டியவள் அவள் இல்லை.

கடைசித் தந்தி அடங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி, தட்டுவதற்கான சைகையாக அல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கை தட்டல் கொட்டியது. ஓய்ந்ததும், யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்கலாம் என்றார். அதற்கும் அவர் அறையில் நேரம் ஒதுக்கியிருந்தது.

வானொலிதான் கையைத் தூக்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "சார், அந்த நடுவுல நிக்குமே, அந்த இடம். அதப் பத்தி உங்க வாயால ஒருவாட்டி சொல்லுங்க சார். முந்தாநாள் சொன்னீங்க, இவங்கல்லாம் கேக்கணும்."

உங்கள் வாயால். இதைவிடச் சுலபமான வழியை யாரும் அவருக்குத் திறந்துவிட முடியாது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். சொல்லிவிடுவார். இப்போது சொல்லிவிடுவார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் சாய்ந்திருந்த முகங்களைப் பார்த்தார். விரல் பழகின இடத்துக்குப் போவதுபோல வாய் பழகின இடத்துக்குப் போனது.

"அந்த இடத்துலதான்," என்றார் மெல்ல, "என் குழந்தைக்கு மூச்சு நின்னுச்சு."

அவள் எழுந்தாள். நாற்காலி தரையில் உராய்ந்து பெரிதாகக் கத்தியது. கண்ணாடிக்கடைக்காரர் உதட்டில் விரல் வைத்தார். பின்னாலிருந்தவர் "உக்காரும்மா" என்றார். வானொலி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பேச வாயைத் திறந்தபோது முதலில் சத்தமே வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அமைதி, அவளுக்காகவே இத்தனை வருஷம் கூடிக்கொண்டிருந்த அமைதி, இப்போது அவள் கைக்கு வந்திருந்தது.

"அங்க மூச்சு எதுவும் நிக்கலங்க," என்றாள். குரல் கடைசி வரிசைவரைக்கும் போயிற்று. "இவரோட பழைய கிட்டார்ல அந்த இடத்துல ஃப்ரெட் கெடையாது. வாசிச்சா அந்த ஸ்வரம் வராது. அதான் விட்டுட்டு வாசிச்சாரு. ஏன் கெடையாதுன்னா, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கறதுக்காக, கரண்டிக் காம்பால நெம்பி எடுத்தது நான். அப்போ எனக்கு அஞ்சு வயசு. இப்போ இருபத்தாறு."